பல்லில் கடித்த நூல்

மார்ச் 3, திங்கள்

என் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி, கைப்பேசியில் அதற்கான செயலியையும் போட்டுக்கொண்டு வந்தாயிற்று. கால் தரையில் பாவவில்லை. நாலு வருடமாக வீட்டு முன்னறையில் புருவம் திருத்திச் சேர்த்ததெல்லாம் இப்போது அதில்தான். முனைக்கடை காலியாகிறது. இருபதாம் தேதிக்குள் முன்பணம் கட்டினால் என் பார்லர். இல்லாவிட்டால் செருப்புக்கடைக்காரருக்குப் போய்விடும்.

வங்கியில் இருந்த பெண் படித்துப் படித்துச் சொன்னாள்: "ரகசிய நம்பரை யார்கிட்டயும் சொல்லாதீங்க. பேங்க்ல இருந்து பேசறோம்னு சொன்னாலும் சொல்லாதீங்க. நாங்க கேக்கவே மாட்டோம்."

வீட்டுக்காரருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "உன்கிட்ட ரகசியமா? ஒரு வாரம் தாங்குதான்னு பாக்கறேன்."

நியாயம்தான். தங்கச்சி உண்டாகியிருந்ததை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு எனக்கு ஐந்தாம் மாதம்தான் சொன்னாள். அப்படி ஓட்டை வாய் எனக்கு. புருவம் திருத்தும்போது பல்லில் நூலைக் கடித்திருப்பேனே, அப்போது மட்டும்தான் மூடியிருக்கும்.

மார்ச் 4

எண் மறந்துவிடுமே என்று இந்த டைரியின் அட்டைக்குள் எழுதி வைத்திருந்தேன். மகள் பார்த்துவிட்டாள். "அம்மா, இது உன் கல்யாண நாள். உன் கஸ்டமர் எல்லாருக்கும் தெரியுமே."

ஆமாம், நானே சொன்னதுதான். அட்டையில் மையைக் கொட்டி அழித்தேன். வேறு எண் மாற்றியாயிற்று. எங்கும் எழுதவில்லை.

மார்ச் 7

மின்கட்டணம் கட்டினேன் — படுத்துக்கொண்டே. வரிசை இல்லை, சில்லறைச் சண்டை இல்லை. கட்டுவதற்கு இன்னொரு பில் இருக்கிறதா என்று வீடெல்லாம் தேடினேன்.

மார்ச் 11

எட்டு நாள். வீட்டுக்காரர் தோற்றார். ஆனால் அந்த நாலு எண்ணும் வாய்க்குள் சுடுசோறு மாதிரி உருளுகிறது.

மார்ச் 14

பள்ளிக்கூட டீச்சருக்கு ஒரு புருவம் முடித்திருந்தேன். ஃபோன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். வங்கியிலிருந்தாம். தேன் ஒழுகும் குரல். "அக்கா, உங்க கணக்கு இன்னிக்கே முடங்கிடும். செல்லுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும் பாருங்க, அதை மட்டும் சொல்லுங்க, நான் சரி பண்ணிடறேன்."

ஐயோ, என் கடை போச்சா? திரையில் ஆறு எண்ணும் வந்து நிற்கிறது. கேட்டதைச் சொல்லியே பழகிய வாய், திறந்துவிட்டது. கையிலிருந்த நூலை எடுத்துக் கடித்துக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது — நாங்க கேக்கவே மாட்டோம் என்றாளே அந்தப் பெண்.

"அக்கா? அக்கா, இருக்கீங்களா?" என்கிறான். விட்டேனா? கடித்தபடியே இருந்தேன். கடைசியில் அவனே வைத்துவிட்டான். நான் பேசவில்லை என்று ஃபோனை வைத்த முதல் மனிதன் அவன்தான்.

வங்கி கொடுத்த கார்டின் பின்பக்கம் இருந்த எண்ணுக்கு நானே கூப்பிட்டேன். பணம் பத்திரம் என்றார்கள். டீச்சருக்கு இன்னொரு புருவம் இலவசம்.

மார்ச் 18

முன்பணம் அனுப்பியாயிற்று. கடை உரிமையாளர் பெயரை மூன்று தடவை சரிபார்த்தேன். முதலில் கொஞ்சமாக அனுப்பி, வந்ததா என்று அவரையே கேட்டு, பிறகு மீதி. சாவி என் கையில்.

"இப்பவாவது அந்த நம்பரைச் சொல்லேன்" என்றார் வீட்டுக்காரர். துடைப்பத்தைக் கையில் கொடுத்து, கடையைக் கூட்டச் சொன்னேன்.

மார்ச் 23

தங்கச்சி கடைக்கு வந்தாள். புது நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கதவைச் சாத்தச் சொன்னாள். "அக்கா, இன்னும் யாருக்கும் தெரியாது. உன்கிட்டதான் முதல்ல சொல்றேன்."

சொன்னாள். கட்டிக்கொண்டு இரண்டு பேரும் அழுதோம், சிரித்தோம்.

என்ன சொன்னாள் என்று இங்கே எழுதமாட்டேன்.