பக்தாத் அறிஞரும் உன் வர வேண்டாமும்

நார்த்மீட்,
ஞாயிறு காலை

அன்பு மகள் ரிஃப்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் இங்கே நல்ல சுகம், நீயும் வயிற்றுப் பிள்ளையும் அங்கே பெர்த்தில் சுகமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். போன் எடுத்தால் ஐ ஆம் ஃபைன் வாப்பா என்று சொல்லி வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், காலை நீட்டிக்கொண்டு ஆறுதலாகப் படி.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு நான் வீட்டில் குந்தியிருந்து உம்மாவின் உயிரை எடுக்கிறேனாம், அதற்காக லைப்ரரியில் நடக்கும் ஒரு வகுப்புக்கு என்னைத் துரத்திவிட்டார். பழைய காலத்து யூத அறிஞர்கள் வேதத்தையும் புத்தியையும் எப்படிச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள் என்பதுதான் பாடம். எனக்கும் இதற்கும் என்ன என்று கடைசிக் கதிரையில் போய் இருந்தேன். படிப்பிக்கும் மிரியம் என்ற யூதப் பெண்மணி, பக்தாதில் ஆயிரம் வருடத்துக்கு முன் இருந்த ஓர் அறிஞரின் வரிகளை வாசித்தார். மகள், அது அரபி! எழுத்துதான் ஹீப்ரூவாம், மொழி அரபி. அக்ல் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் என்னை அறியாமல் புத்தி என்று தமிழில் சொல்லிவிட்டேன், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த கிழமை முன் வரிசையில் போய் இருந்தேன்.

அந்த பக்தாத்காரர் என்ன சொல்கிறார் தெரியுமா, வேத வசனத்தை நேரடி அர்த்தத்தில்தான் எடுக்க வேண்டும், ஆனால் நான்கு காரணங்களில் ஒன்று குறுக்கே நின்றால் வேறு அர்த்தம் தேடலாம். கண்ணால் காண்பது மறுக்க வேண்டும், அல்லது புத்தி மறுக்க வேண்டும், அல்லது இன்னொரு வசனம் மறுக்க வேண்டும், அல்லது முன்னோர் வழிவழியாக வேறு விதமாக விளங்கி வந்திருக்க வேண்டும். அவர்களுடைய வேதத்தில் முதல் பெண் ஹவ்வா உயிருள்ள அனைத்துக்கும் தாய் என்று வருகிறது. அப்படியென்றால் மாடும் சிங்கமும் அவருக்குப் பிறந்தவையா? இல்லை என்று கண்ணே சொல்கிறது, ஆகவே மனிதருக்கெல்லாம் தாய் என்று எடுக்க வேண்டுமாம். எனக்குச் சந்தோஷத்தில் இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து குசினியில் நின்றபடியே உம்மாவுக்கு முழுப் பாடத்தையும் நடத்தினேன். அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டார், பிறகு சாவகாசமாக, அப்படியெண்டா மகள்ட வர வேணாம் என்ட மெசேஜையும் அந்த மனிசன்ட்ட கொடுத்துப் பாருங்களேன் என்றார்.

வாப்பாட காலோட அஞ்சு மணித்தியாலம் ப்ளேன்ல இருக்கேலா, வர வேணாம், இங்க எல்லாம் ரெடி என்றுதானே நீ அனுப்பினாய். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டு கவலையோடு இருந்துவிட்டேன். உம்மாவோ வக்கீல் மாதிரி ஆரம்பித்தார். எல்லாம் ரெடி என்கிறாள், வீடியோவில் அவளுக்குப் பின்னால் தொட்டில் பெட்டி இன்னும் உடைக்காமல் கிடக்கிறது, அதைக் கண் காணவில்லையா என்றார். மருமகன் முனவ்வர் சுரங்க வேலைக்குப் பறந்தால் இரண்டு கிழமை கழித்துத்தான் வருகிறார், எட்டு மாத வயிற்றோடு ஒருத்தி தனியாக எல்லாம் பார்ப்பாள் என்று எந்தப் புத்தி ஒத்துக்கொள்ளும் என்றார். இன்னொரு வசனமும் இருக்கிறதாம், அதே கிழமை நீ உம்மாவிடமே, உங்கட முதுகுக்கு மெத்தை இறுக்கமா இருக்கணுமா என்று கேட்டிருக்கிறாய், அதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் குடும்ப வழக்கத்தையும் விடவில்லை. நீ பிறக்கும்போது உன் பெரியும்மாவுக்கு, அதாவது தன் சொந்த ராத்தாவுக்கு, வர வேண்டாம் என்று எழுதியவர் உம்மாதானாம். ராத்தா வாசலில் வந்து நின்றதும் கட்டிப்பிடித்து அழுதாராம். கடைசியில், ஆயிரம் வருசத்துக்கு முந்தி பக்தாத்ல ஒராள் சொன்னாத்தானா உங்களுக்கு இது விளங்கும் என்று என்னையே கேட்டார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஆனாலும் ஒரு கரைச்சல் இருக்கிறது. அந்த அறிஞருக்கு இரண்டு நூற்றாண்டு கழித்து கெய்ரோவில் ஒரு யூத வைத்தியர் இருந்தார், அவரும் அரபியில்தான் எழுதினார். விளக்கம் சொல்லும் வாசல் அடைபடவில்லை, ஆனால் நிரூபிக்காத ஒன்றுக்காக வசனத்தின் நேர் அர்த்தத்தைத் தள்ளக் கூடாது என்பது அவர் கட்சி. அதைக் கேட்டதிலிருந்து எனக்குப் பயம். உன்னைப் பார்க்க எனக்கு ஆசை, அந்த ஆசையை நான் நிரூபணம் என்று எண்ணிக்கொள்கிறேனோ? அது நீ கட்டிய வீடு, நீயும் முனவ்வரும் தனியாக இந்த நேரத்தைக் கழிக்க விரும்பலாம், அதுவும் நியாயம்தானே. போன கிழமை பெயர் சொல்லாமல் இதை வகுப்பில் கேட்டேன். எல்லோரும் சிரித்து, பிறகு சண்டையே பிடித்தார்கள். என் பக்கத்தில் இருக்கும் தேவராஜா மட்டும் மெதுவாக, என்ர மகனும் வர வேண்டாம் எண்டுதான் எழுதினவன், நான் போகேல்ல என்றார். மிரியம்தான் கடைசியில், வசனம் எழுதிய ஆள் உயிரோடு இருக்கிறாளே, அவளிடமே கேளுங்களேன் என்றார். எவ்வளவு சுலபமான விஷயம், எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஆகவே கேட்கிறேன். என் காலைப் பற்றி யோசிக்காதே, நேற்று உம்மாவோடு ஹரிஸ் பார்க் முழுக்க நடந்தேன், வீக்கம் கூட இல்லை. காலை விட்டுவிட்டுச் சொல். நாங்கள் வருவது உனக்குப் பாரம் என்றால் அதை மறைக்காமல் எழுது, மனம் கோண மாட்டோம், உம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அல்லாஹ் உனக்குச் சுகப் பிரசவத்தைத் தரட்டும், முனவ்வருக்கும் எங்கள் சலாம். இரும்பு மாத்திரையை மறக்காதே, அதை டீயோடு விழுங்காதே. வாங்க என்று நீ ஒரு சொல் எழுதினால் போதும், மகள். அதற்கு மட்டும் நான் எந்த விளக்கமும் தேட மாட்டேன்.

இப்படிக்கு,
உன் வாப்பா
தாஹிர்