இறந்தவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து

அன்புள்ள ஆரோக்கியம் அக்காவுக்கு,

ஆண்டவர் உங்களை நலமாக வைத்திருப்பார் என்று நம்புகிறேன். முழங்காலுக்குத் தவறாமல் எண்ணெய் தடவுகிறீர்களா? நான் ஹைதராபாத்தில் சுகமாகவே இருக்கிறேன். மாணவியர் விடுதியில் வார்டன் வேலையில் சேர்ந்துவிட்டேன்.

அதற்குமுன் ஒரு வேடிக்கை நடந்தது. வேலை கேட்டு வருகிறவர்களின் ஃபேஸ்புக்கையும் இங்கே அலசிப் பார்க்கிறார்கள். என்னை விசாரித்த பெண் நதியா, நம் கடமலைக்குண்டுக்காரி; நான் ஊரில் டீச்சராக இருந்ததை அறிந்தவள்.

“டீச்சர், வீட்டுக்காரர் இறந்துட்டாகன்னு விண்ணப்பத்துல எழுதியிருக்கீக. ஃபேஸ்புக்ல போன மாசம் அவுகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லியிருக்கீக. எது நெசம்?”

“ரெண்டும் நெசம். அவுக இறந்து ஆறு வருசமாச்சு. அதுக்காக அவுக பிறந்தது பொய்யாயிருமா?”

நான் பொய்த் தகவல் கொடுத்ததாக மேலதிகாரி சந்தேகப்படுகிறாராம். வாழ்த்தை அழித்துவிட்டால் வேலை நிச்சயம் என்றாள். அழிக்க மாட்டேன் என்று கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

“அட, உக்காருங்காத்தா! எங்க தாத்தா செத்தும் வருசாவருசம் பிறந்தநாளுக்கு ஊர்ல பிளெக்ஸ் வைக்கிறோம். மேலதிகாரிக்கு நான் புரியவைக்கிறேன்” என்று சிரித்தாள். சொன்னபடியே செய்தாள்.

கல்லறைத் திருநாளுக்கு எனக்கு விடுப்புக் கிடைக்காது. வீட்டுக்காரர் கல்லறையில் என் பெயரால் ஒரு மெழுகுவத்தி ஏற்றுங்கள். சம்பங்கி மாலை போதும். செவ்வந்தி அவருக்குப் பிடிக்காது.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, பிள்ளைகள் காத்திருப்பார்கள். ஒன்று மட்டும், அக்கா. அந்த வாழ்த்துக்குக் கீழே நீங்கள் இன்னும் எதுவும் எழுதவில்லை. ஒரு வரியாவது எழுதுங்கள். இங்கே அவரைத் தெரிந்தவர்கள் யாருமில்லை.

உங்கள் தங்கை,
சகாயராணி