ஐந்து வாட் இரைச்சல்

சனிக்கிழமை, பாச்சாங் கடைத்தெரு.

கிட்டாருக்குச் சின்ன வால்வு எம்ப்ளிஃபையர் ஒன்று வாங்கப் போனேன். என் காசுக்குத் தேறியவை இரண்டு. இரண்டும் ஐந்து வாட், ஒன்று பழையது. கடைக்காரப் பெண் பழையதைப் போட்டு, வால்வு சூடாகும்வரை காத்திருந்தாள்.

"கொஞ்சம் இரையும், அங்கிள். ஓகேவா?"

எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. கூட வந்த மனைவி முகம் சுளித்தாள். "தகர டப்பாவுல வண்டப் போட்ட மாதிரி இருக்குங்க."

"இவ்வளவு இரைச்சல் இருக்கும்தான்," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ.

"அப்ப இதையே எடுங்க லா, மலிவு," என்றாள் அந்தப் பெண். சொன்ன வாய்க்காக வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போது காரில் மனைவி பேசவே இல்லை. அல்லது பேசினாளோ.

பத்திரிகைக்கு எடுக்கும் பேட்டிகளை நான் ஒலிப்பதிவு செய்வதில்லை. காதில் விழுவதை அப்படியே எழுதுவேன். முப்பது வருடப் பழக்கம். நேற்று மஸ்ஜித் தானா ஊரில் ஓர் அம்மா, மகன் விபத்தில் போனதைச் சொன்னார். எழுதிக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமைப் பத்திரிகையில் வருகிறது.

நாளை போய் அதை அவரிடம் படித்துக் காட்ட வேண்டும். எத்தனை இடத்தில் திருத்துகிறார் என்று பார்க்க வேண்டும். மெதுவாகப் பேசுபவர். கிட்ட உட்கார வேண்டும்.