கருக்காத கண்ணாடி

நாள் 211, 08:30
நிலவின் தென்முனை, பனிச் சுரங்க நிலையம். எழுதுபவர்: ரஞ்சிதம் சவரிமுத்து, பொறுப்பாளர், வயது 68. உடனிருப்பவர்: இசக்கிதுரை, வெல்டர். வேறு யாருமில்லை. மாற்றுக் குழு வர ஆறு நாள்.

வெளியறைச் சுவரில் முப்பத்தெட்டு சென்டிமீட்டர் விரிசல். காற்று மெல்லக் கசிகிறது. இன்று வெல்டிங் தொடங்குகிறது.

இசக்கிதுரை தன் சொந்த முகமூடியைக் கேட்டார். பழையது, கண்ணாடி எப்போதும் கறுப்பு. பட்டியலில் இல்லாத பொருளை நான் அனுமதிப்பதில்லை. அதைப் பூட்டிவிட்டுப் புதியதைக் கொடுத்தேன். அதன் கண்ணாடி சாதாரணமாகத் தெளிவாக இருக்கும். வெல்டிங் ஒளி எழுந்த கணமே தானாகக் கருத்துவிடும். வழக்கம்போல் முகமூடியின் நெற்றியில் எண் சீட்டு ஒட்டினேன். பெயரில்லாத பொருள் யாருடையதும் அல்ல என்று கன்னியர் மடப் பள்ளியில் கற்றேன். உப்பு ஜாடிக்கும் சீட்டு ஒட்டுவேன் என்று என் கணவர் உயிரோடிருந்தவரை கேலி செய்தார்.

நாள் 211, 17:40
பன்னிரண்டு சென்டிமீட்டர் முடிந்தது. சுவரை ஒட்டிய குழாய்க்குப் பின்னால் குனியும்போது கண்ணாடி சில தடவை கருக்கவில்லை என்கிறார் இசக்கிதுரை. சோதித்தேன். மின்கலம் நிறைவு. சோதனைப் பொத்தானை அழுத்தினால் கருக்கிறது. கருவியில் குறையில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

நாள் 212, 07:15
உள்ளறைத் தொலைபேசியில் இசக்கிதுரை: "கண்ணுல மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும்மா. தண்ணியா ஊத்துது."
சுரங்கத் தூசி என்றேன். கண்ணைக் கழுவச் சொன்னேன். மறுபடியும் வேலைக்கு அனுப்பினேன்.

நாள் 212, 19:00
இருபத்தாறு சென்டிமீட்டர்.

நாள் 213, 05:50
அவரால் கண்ணைத் திறக்க முடியவில்லை. இமைகள் வீங்கி ஒட்டியிருக்கின்றன. வெல்டிங் ஒளி சுட்ட கண். சில நாளில் ஆறலாம். இரண்டு நாள் தொடர்ந்து சுட்டிருக்கிறது, ஆறாமலும் போகலாம்.

முகமூடியை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். கண்ணாடிக்கு மேலே நான்கு சிறு புள்ளிகள். அவைதான் ஒளியை உணர்பவை. இரண்டின் மேல் என் சீட்டு. குழாய்க்குப் பின்னால் குனியும்போது மற்ற இரண்டைக் குழாய் மறைத்திருக்கிறது. முகமூடிக்கு ஒளி தெரியவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

சீட்டைக் கிழித்தேன். அவரிடம் சொல்லவில்லை.

நாள் 213, 09:20
கசிவு வேகமாகிறது. காற்று பதினான்கு மணி நேரத்துக்கு மட்டுமே. மீதி பன்னிரண்டு சென்டிமீட்டரை நான்தான் போட வேண்டும்.  

புதிய முகமூடியை என்னால் நம்ப முடியவில்லை. பூட்டைத் திறந்து பழையதை எடுத்தேன்.

நாள் 213, 13:05
அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு தொலைபேசி வழியே சத்தத்தைக் கேட்டே வேலை சொன்னார்: "வடை பொரியுற சத்தம் வரணும்மா. இப்ப வெடிக்குது. கம்பியைக் கிட்ட கொண்டு போங்க."

பழைய கண்ணாடி வழியே ஒளி எழும்வரை ஒன்றும் தெரியாது. விரிசலைத் தேட முகமூடியைத் தூக்க வேண்டும். மூடிய பிறகுதான் கம்பியை உரசி ஒளி எழுப்ப வேண்டும். பதினேழு தடவை மூடுமுன்பே உரசிவிட்டேன். எண்ணினேன்.

முடிந்தது. அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்கிறது.

நாள் 213, 20:30
மணல்.

நாள் 214, நேரம் தெரியவில்லை
அடிக்கோலை வைத்து, தடவி எழுதுகிறேன். வரி வரியின்மேல் ஏறியிருந்தால் மன்னிக்கவும். கண்ணைத் திறந்தால் ஊசி ஏறுகிறது.

இசக்கிதுரை தடவித் தடவி வெளியறைக்குப் போயிருக்கிறார், என் வெல்டிங்கை விரலால் பார்க்க. தொலைபேசி திறந்திருக்கிறது.

"புது முகமூடி இங்கதான் கிடக்கும்மா. நெத்தியில பிசுபிசுன்னு பசை. என்ன ஒட்டியிருந்தீங்க?"

சொன்னேன். எல்லாவற்றையும். குறையில்லை என்று கையெழுத்திட்டதையும், அதற்குப் பிறகு வாய் திறக்காததையும்.



"கோணாம ஒட்டியிருப்பீங்களே."

ஆம் என்றேன்.

 பிறகு வேறு குரலில்: "சத்தம் கேக்குதாம்மா?"

கேட்கிறது. மெல்லிய சீறல். எந்தப் பக்கம் என்று கேட்டேன். இடப்பக்கம் என்றார். இடப்பக்கம் நான் போட்டது.

கம்பியைத் தானே பிடிப்பதாகச் சொல்கிறார். விரிசலை விரல் காட்டுமாம், மீதியைக் காது பார்த்துக்கொள்ளுமாம். பார்வை இல்லாதவருக்கு முகமூடி எதற்கு என்று நான் கேட்கவில்லை. முகமூடியை அவரே கேட்டார்.

"பழசைக் கொண்டாங்கம்மா. கண்ணு திரும்பி வந்தா வேணும்ல."

சுவரைப் பிடித்துக்கொண்டு எடுத்துப் போகிறேன். சீறல் பெரிதாகிற…