ஆடிக்கிருத்திகைக்கு முன்னால் நட்ட நெல்

என் பாசத்துக்கும் பாதிச் சண்டைக்கும் உரிய பாவாவுக்கு,

மேலே சௌக்கியமா? இங்கே உங்கள் வயல் சௌக்கியம். நடுவில் நடந்த கூத்தைக் கேட்டால் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். வேறு யாராவது வந்து போட்டுக்கொடுப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

அறுப்பு முடிந்த மறுநாளே வயலில் கிடக்கும் வைக்கோலுக்கு நெருப்பு வைப்பது உங்கள் வழக்கம். பக்கத்து வயல்காரியான நான் இருமிக்கொண்டே சண்டைக்கு வருவதும் வழக்கம். "கொளுத்தினா சத்தும் சேந்து எரியுது பாவா, உழுது மடக்குங்க" என்பேன். "பேப்பர்ல படிச்சிட்டு வந்து எனக்குப் பாடம் எடுத்துகினு இருக்காதே, போ" என்பீர்கள். இப்படியே எத்தனை வருஷம்!

சித்திரையில் நட்ட பயிரை அறுக்காமலே வைகாசியில் மாரடைப்பு என்று கிளம்பிவிட்டீர்கள். இது என்ன நியாயம்? காரியம் முடிந்த கையோடு செங்கல் சூளைக்காரர் வந்துவிட்டார், மேல்மண்ணை விலைக்குக் கேட்டு. உங்கள் பெண்டாட்டி, அதுதான் என் அக்கா, என்னைப் பார்த்தாள்.

"ஒரே ஒரு போகம் உங்கிட்ட வுடறேன். வெளஞ்சா நெலம் உன் கையில. இல்லாட்டி சூளைக்கு மண்ணு. என்னால தனியா மாரடிக்க முடியாதுடி" என்றாள். மேல்மண் போய்விட்டால் அந்தப் பள்ளத்தில் தண்ணீரும் தவளையும்தான் மிஞ்சும். உடனே சரி என்று ஒத்துக்கொண்டேன்.

நீங்கள் நட்டதை ஆனி கடைசியில் நாங்கள் அறுத்தோம். மிஷின் கொட்டிவிட்டுப் போன வைக்கோலில் ஒரு துரும்பைக்கூட நான் வெளியே விடவில்லை. எல்லாவற்றையும் உழுது மடக்கித் தண்ணீர் கட்டினேன். அதோடு விட்டேனா? கே.ஜி.கண்டிகை டீக்கடையில் நின்று, "வைக்கோலே உரம்தான். இந்தப் போகம் யூரியா மூட்டையத் தொடவே மாட்டேன்" என்று சவடால் வேறு.

மடக்கிய வைக்கோலை இரண்டு மூன்று வாரமாவது மக்க விட வேண்டும் என்று எனக்கும் தெரியும் பாவா. ஆனால் நடவுப் பெண்கள் வந்து நின்றார்கள். "கிருத்திகைக்கு முன்னாடி நட்டாத்தான் உண்டு. அப்புறம் காவடி எடுக்கப் போயிருவோம், எங்களத் தேடாதே" என்றார்கள். ஆடிக்கிருத்திகை நெருங்கிவிட்டால் திருத்தணியில் யார் சேற்றில் இறங்குவார்கள்? நானே காவடி எடுக்கிறவள். உழுத நாலாம் நாளே நட்டுவிட்டு, மிச்சத்தை முருகன் பார்த்துக்கொள்வான் என்று மலையேறிவிட்டேன். அவனுக்கு அன்றைக்கு ஆயிரம் வேலை.

மொட்டை போட்டுத் திரும்பிய சில நாளில் வயலைப் பார்த்தால் பயிர் வெளுத்து மஞ்சளாக நிற்கிறது. என் தலையில் பூசிய சந்தனத்துக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. கால் வைத்த இடமெல்லாம் குமிழி, அழுகின முட்டை நாற்றம்.

"எங்க ஊட்டுக்காரரு கொளுத்தினப்போ ஒரு நாளாவது இப்படி ஆச்சா?" என்றாள் அக்கா. ஊர் முழுக்க வைத்தியர்கள் கிளம்பிவிட்டார்கள். ஒருவர் திருஷ்டி என்றார், ஒருவர் புழு என்றார். டீக்கடைக்காரர், "செத்தவருக்குக் கோவம், பொகை போடலன்னு" என்று உங்கள் மேலேயே பழியைப் போட்டார். ஒரு நிமிஷம் நானும் நம்பிவிட்டேன். உங்கள் படத்துக்கு முன்னால் நின்று திட்டினேனே, காதில் விழுந்ததா?

கடைசியில் வெட்கத்தை விட்டு வேளாண்மை ஆபீசுக்குப் போய், அங்கிருந்த அலுவலர் அம்மாவைக் கூட்டிவந்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி ஒரு பயிரைப் பிடுங்கினார். வேர் கறுத்திருந்தது.

"வைக்கோலத் திங்கிற நுண்ணுயிருங்க மண்ணுல கோடிக்கணக்குல இருக்குதுங்க. வைக்கோல்ல தழைச்சத்து கம்மி, அதனால மண்ணுல இருக்கறத அதுங்க இழுத்துக்குது. பந்தியில அதுங்க மொதல்ல உக்காந்துடுச்சி, உங்க பயிருக்கு வெறும் இலைதான்" என்றார்.

"அப்போ சத்து போனது போனதுதானாம்மா?"

"எங்க போவும்? வைக்கோல் தீந்தா அதுங்களும் செத்துப் போயி, தின்னது மண்ணுக்கே திரும்பிடும். நீங்கதான் அவசரப்பட்டு நட்டுட்டீங்க. வைக்கோல் தண்ணிக்குள்ள அழுவறதால வேருக்கு மூச்சு முட்டுது, தண்ணிய வடிச்சு ரெண்டு மூணு நாள் மண்ணுக்குக் காத்து காட்டுங்க. அப்புறம் தழைச்சத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா யூரியா போடுங்க."

யூரியா! அதே டீக்கடை வழியாக! மூட்டையைப் பழைய சீலையில் சுற்றி, மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் வந்தேன். விடுவாரா டீக்கடைக்காரர்?

"இன்னா யக்கா, மூட்டைக்குச் சீலை கட்டி இட்டுகினு போற?"

"ஆங், உனக்குத்தான் பொண்ணு பாத்துகினு வரேன்!"

தண்ணீரை வடித்தேன். யூரியாவை வேப்பம்பிண்ணாக்கில் கலந்து மூன்று தடவையாகப் போட்டேன். பத்து நாளில் குருத்து பச்சையாக வந்தது. அப்புறம் நான் எதுவும் போடாமலே பயிர் கருகருவென்று எழுந்தது. தினமும் இரண்டு வேளை போய்ப் பார்த்தேன், நம்ப முடியாமல்.

மார்கழியில் அறுத்தோம். உங்களுடைய நல்ல போகத்தைவிட ஒரே ஒரு மூட்டை குறைவு. இப்போது நிம்மதியா?

நெல்லைக் காயவைத்திருந்தபோது சூளைக்காரர் மறுபடி வந்தார். அக்கா முடியாது என்று தலையை ஆட்டினாள். "மண்ணு குடுக்கறதில்லீங்க. என் தங்கச்சி பயிர் வெக்கிறா."

"அந்தம்மாவுக்கு வெவசாயம் தெரியாதுன்னு ஊரே சிரிச்சுதே?" என்றார் அவர்.

"ஆங், தெரியாதுதான். ஆனா தெரியலன்னா போயிக் கேக்குறா. எங்க ஊட்டுக்காரரு கடைசி வரைக்கும் யாரையும் எதுவும் கேக்கல. நெஞ்சு வலிக்குதுன்னுகூட எங்கிட்ட சொல்லல."

அவர் போனதும் நெல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். ஏன் பாவா சொல்லவில்லை? சொன்னால் கௌரவம் குறைந்துவிடுமா? உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

வரும் ஆடியில் நடவுப் பெண்கள் என்ன கோபித்துக்கொண்டாலும் சரி, வைக்கோல் மக்கிய பிறகுதான் நாற்று இறங்கும். உங்கள் மண் எங்கேயும் போகாது. அக்காவிடம் தினமும், அவள் எரிந்து விழுந்தாலும், "எங்கயாவது வலிக்குதா?" என்று கேட்டுவிடுவேன். இது சத்தியம்.

சண்டை போட ஆளில்லாமல் தவிக்கும்
உங்கள் மச்சினி,
சரோஜா