மேபிள், இன்னும் முதுகு பாக்கி

1967 பிப்ரவரி 6, திங்கள்

ரெக்கார்டு கம்பெனியின் கடைசி எச்சரிக்கை. இதுவரை வந்த எங்கள் இசைத்தட்டுகள் சொந்தக்காரர்களைத் தாண்டி விற்கவில்லையாம். இன்னும் ஒரே ஒரு பாட்டு. அதுவும் ஊத்திக்கொண்டால் பாண்டைக் கலைத்துவிட்டு வேலை தேடலாம். எனக்கென்று எங்கள் லண்டன் பேட்டை பெர்மண்ட்ஸியின் பிஸ்கட் ஃபாக்டரி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது.

இந்த முறை பாட்டு எழுதவேண்டியது நான்.

பிப்ரவரி 7

பாட்டு வந்துவிட்டது! பல குடித்தனம், ஒரே குளியலறை இருக்கும் வீடு. வெள்ளிக்கிழமை ஒருவன் குளிக்கப் போய் வெளியே வரவே மாட்டேன் என்கிறான். வாசலில் மேபிள் உட்பட மொத்த வீடும் துண்டோடு நிற்கிறது. பல்லவி: "கதவைத் தட்டாதே மேபிள், இன்னும் முதுகு பாக்கி!" அந்த இடத்தில் கிட்டார், டிரம்ஸ், என் பியானோ எல்லாம் நின்றுவிடும். கூட்டம் கதவு தட்டுகிற மாதிரி மேஜையைத் தட்ட வேண்டும்.

ஞாயிறுதோறும் பப்பில் நான் வாசிக்கும் பழைய மியூசிக் ஹால் மேடைப் பாட்டுகளின் ஜாடைதான். கதையைப் பாடகர் சொல்வார், பல்லவி கூட்டத்தின் சொத்து.

கிட்டார் வாசிக்கும் காலினின் முகம் கோணிவிட்டது. "நாம ராக் பாண்டுடா லென். இது எங்க பெரியப்பா கல்யாணத்துல குடிச்சிட்டுப் பாடுற பாட்டு."

கல்யாணத்தில் எல்லோரும் சேர்ந்து பாடுவார்களே? இந்தப் பதில் இப்போதுதான் தோன்றுகிறது. எப்போதும் இப்படித்தான்.

பிப்ரவரி 9, வியாழன்

ஒத்திகை. நாசம்.

எங்கள் பாடகன் ரே பாடுகிறான் — அமெரிக்காவில், மெம்ஃபிஸில் பிறந்தவன் மாதிரி, மூக்காலேயே. ராக் என்றால் அமெரிக்காக்காரன் குரலில்தான் பாட வேண்டும் என்று லண்டன் பையன்கள் எல்லோருக்கும் ஒரு எண்ணம். மேபிளை ஏதோ பருத்திக் காட்டில் தொலைத்துவிட்டவன் மாதிரி உருகுகிறான். அவ குளியலறை வாசல்ல நிக்கிறாடா!

"நம்ம பேச்சுலயே பாடேன்டா," என்றேன்.

"அப்படிப் பாடினா எங்கப்பா சந்தையில முட்டைக்கோஸ் கூவுற மாதிரி இருக்கும்."

அதேதான்டா வேணும்! இதை இங்கே எழுதுகிறேன்; அங்கே பியானோ மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 10

காலையிலிருந்து பயம். நாளை பப்பில் முதல்முறை பாடுகிறோம். கம்பெனி ஆளும் வருகிறார்.

பிப்ரவரி 11, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் சரணம். மெம்ஃபிஸ் குரல். கூட்டம் பீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பல்லவியில் நிறுத்தினோம். ஒருவர்கூடத் தட்டவில்லை. மூலையில் கம்பெனி ஆள் கிளம்புவதற்குக் கோட்டை எடுத்தார். எனக்கு பிஸ்கட் வாசனையே வந்துவிட்டது.

முன்வரிசையில் ரேயின் அம்மா, மிஸஸ் ஸ்பராட், எழுந்து நின்றார்.

"ரேமண்ட்! யாரு மாதிரிடா பேசுற? இதோ இருக்கிற மார்கேட் பீச்சத் தாண்டி ஒரு நாள் போயிருக்கியா நீ?"

"அம்மா! பாடிட்டு இருக்கேன்ல? வாய மூடிட்டு உக்காரேன்!"

மைக்கில், முழுச் சத்தத்தில், கலப்படமில்லாத பெர்மண்ட்ஸியில் கத்திவிட்டான். பப்பே சிரித்தது. முகம் தக்காளியாகி, அதே எரிச்சலோடு இரண்டாம் சரணத்தைப் பாடினான். குளியலறைக்குள்ளிருந்து வீட்டாரிடம் கத்துகிற குரல் அது, அச்சு அசல். பல்லவியில் நிறுத்தினோம் —

டக், டக், டக்! கிளாஸ்கள் குதித்தன. கம்பெனி ஆள் குடைப்பிடியால் தட்டினார். காலின்கூடக் கிட்டாரின் முதுகில் தட்டினான். எனக்கு அழுகை வந்துவிட்டது, நல்லவேளை யாரும் பார்க்கவில்லை.

வெளியே வரும்போது மிஸஸ் ஸ்பராட், "உன் பாட்டுல ஒரு குறையும் இல்ல கண்ணு. இவனுக்குத்தான் பவுசு ஏறிப்போச்சு," என்றார்.

பிப்ரவரி 13

கம்பெனி சரி சொல்லிவிட்டது. ரேயின் சொந்தக் குரலிலேயே பதிவு.

செப்டம்பர் 2, சனி

ரே வீட்டில் மதியச் சாப்பாடு. அமெரிக்காவிலிருந்து ஒரு இசைத்தட்டு வந்திருக்கிறது. இங்கே சக்கைப்போடு போட்ட எங்கள் பாட்டை டெட்ராய்ட் பையன்கள் சிலர் பாடியிருக்கிறார்கள். போட்டுக் கேட்டோம். அந்தப் பாடகன், எழுத்துகளை விழுங்குவது உள்பட, ரேயின் பெர்மண்ட்ஸிப் பேச்சை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு பாடுகிறான்.

ரே துள்ளி எழுந்தான். "யாரு மாதிரிடா பேசுறான் இவன்? தேம்ஸ் தண்ணிய ஒரு தடவ பாத்திருப்பானா?"

மிஸஸ் ஸ்பராட் சமையலறையிலிருந்து எட்டி மகனைப் பார்த்தார். பல்லவி வந்ததும் கதவைத் தட்டினார், டக், டக், டக்.