தோளுக்கு மேல் ஏறாத கை

மார்ச் 3, திங்கள்
இன்றும் கரும்பலகையின் கீழ்ப்பாதியிலேயே எழுதினேன். வலது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. கடைசி வரிசையில் ஒருத்தி, "சார், தரையிலேயே எழுதிடுங்க, எட்டிப் பார்த்துக்கிறோம்" என்றாள். வகுப்பே சிரித்தது. இதற்கும் என் தம்பிதான் பதில் சொல்ல வேண்டும். அம்மாவின் வீட்டை விற்கும் பேச்சில் நான் எழுந்து கிளம்பியபோது, "போகாதண்ணா" என்று அவன் பிடித்து இழுத்த கை இது.

மார்ச் 7, வெள்ளி
மூட்டு டாக்டர் படம் போட்டுக் காட்டினார். தோள் மூட்டைச் சுற்றி நார்த்திசுவால் ஆன ஓர் உறை. கை சுழல வேண்டுமென்றால் அது தளர்வாக இருக்க வேண்டும். எனக்குச் சுருங்கி ஒட்டியிருக்கும் என்கிறார். மயக்க மருந்து கொடுத்து, கையைத் தூக்கி ஒட்டலைக் கிழிப்பாராம். எலும்பு முறியவும் கொஞ்சம் வாய்ப்புண்டாம்.

"இழுத்ததாலதான் வந்துச்சுன்னு எழுதித் தருவீங்களா?"

"முதல்ல தூக்குவோம் சார்."

கூட வந்திருந்த மனைவி வீட்டுக்கு வந்ததும், "உங்களுக்குக் கை சரியாகணுமா, தம்பி மேல தப்புன்னு ஆகணுமா?" என்றாள்.

"ரெண்டும்."

மார்ச் 11, செவ்வாய்
நாளை. முறிந்துவிட்டால்?

மார்ச் 12, புதன்
கண் விழித்ததும் டாக்டர் சொன்னார்: "கிழிக்க ஒண்ணுமே இல்ல சார். நீங்க தூங்கினதும் கை காது வரைக்கும் லேசா வந்துடுச்சு. உறை நல்லாத்தான் இருக்கு. வலிக்குமேன்னு தசைங்கதான் இறுக்கிப் பிடிச்சிருக்கு."

"அப்ப நான் நடிச்சேனா?"

"நடிப்பில்ல. உங்களுக்கே தெரியாம பிடிச்சிருக்கீங்க."

செல்போனில் பதிவு வேறு காட்டினார். வாயைப் பிளந்து தூங்கும் ஒரு மனிதன். அவன் கையை நர்ஸ் அலட்டிக்கொள்ளாமல் தூக்குகிறாள் — நானா அது? இத்தனை மாதம் வலியில் புரண்டேனே, அதெல்லாம் என்ன? தம்பிக்குத் தெரிந்தால் விழுந்து விழுந்து சிரிப்பான். "யார்கிட்டயும் மூச்சு விடாத" என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்
ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு வாய் நீளம்.

"தோளை விடுங்க சார்."

"விட்டுட்டேன்மா."

"நீங்க விட்டீங்க, அது விடலையே!"

எரிச்சல். ஆனால் விரல்கள் இன்று நெற்றியைத் தொட்டன.

மார்ச் 22, சனி
தம்பிக்கு போன் போட்டேன். எடுத்ததுமே, "கை எப்படிண்ணா இருக்கு?"

கேலியா என்று உற்றுக் கேட்டேன். இல்லை.

"அப்படியேதான் இருக்கு" என்றேன்.

"நான் இழுத்திருக்கக் கூடாதுண்ணா. நீ போனா திரும்பி வரமாட்டேன்னு பயந்துட்டேன்."

"நாளைக்கு வா, வீட்டு விஷயத்தைப் பேசி முடிச்சிடலாம்" என்று மட்டும் சொன்னேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மனைவி என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். என் வலது கை கதவு நிலையின் மேல்சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.